வாளிக் கம்பி சுற்றிய மட்டை

முருகன் துணை

சாஆ தோட்டம், நாலாவது லயம்
7-2-2603

அன்புள்ள தம்பி ஐயாசாமிக்கு உன் அக்கா அங்கம்மா எழுதுவது. இங்கே நானும் மருமகள் ராஜம்மாவும் பேரப்பிள்ளைகளும் சாமி புண்ணியத்தில் எழுந்து நடமாடுகிறோம். ஜொகூர் பாருவில் உன் வீட்டில் எல்லாரும் சுகந்தானே. மேலே போட்டிருக்கும் வருஷத்தைப் பார்த்துச் சிரிக்காதே. 1943 என்று எழுதி வழியில் யாராவது பிரித்துப் பார்த்தால் கடிதத்தைக் கொண்டுவரும் உப்பு லாரிக்காரருக்கு வம்பு, ஜப்பான் கணக்கில்தான் போட வேண்டும் என்று தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் சேதி கேள். பேத்தி பாக்கியம் ஜப்பான் பாட்டு இரண்டு பாடம் பண்ணி, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் பாடி, ஒரு கட்டி சவுக்காரம் பரிசு வாங்கினாள். அதை நூலால் அறுத்து அறுத்து ஒரு மாதம் குளித்தோம். சின்னவன் கனகராஜுக்குப் பன்னிரண்டு வயதுதான். தனி ஆளாக மரவள்ளி போட்டு, தன் கால் நீளத்துக்குக் கிழங்கு பிடுங்குகிறான். கங்காணி வந்து பார்த்துவிட்டு, "எவன்டா சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெரியவன் ஜெயபாலனுக்காகத்தான் இந்தக் கடிதம். பதினெட்டு முடிந்துவிட்டது. ஹாக்கியில் போன சித்திரையிலிருந்து இன்றைக்கு வரை எழுபத்து நாலு கோல். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. கோலுக்கு ஒன்றாக அடுப்படிச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். போன மாதம் லாபிஸ் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் அவ்வளவு தூரம் நடந்து வந்து, ஏழு கோல் வாங்கிக்கொண்டு நடந்தே திரும்பிப் போனார்கள். அதில் ஆறு நம் பிள்ளை போட்டது.

நீ பந்தடித்தே தண்ணீர் இலாகாவில் உத்தியோகம் வாங்கியவன். பத்தொன்பது வருஷம் விசில் ஊதியவன். இந்த ஆட்டத்தை வைத்து இவன் பிழைத்துக்கொள்வானா என்று ஒரு தடவை வந்து பார்த்துச் சொல். பேருக்காகக் கேட்கவில்லை. ரயில் பாதை போட சயாமுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வருமாம். இலாகா வேலைக்காரன் கையில் முத்திரைச் சீட்டு இருந்தால் அவனைத் தொட மாட்டார்களாம். எனக்கு ஒரே மகன் இருந்தான், அவன் காய்ச்சலில் போனது உனக்குத் தெரியும். மற்றதை நீயே யோசித்துக்கொள்.

இந்த லயத்தில் கடிதம் எழுதுவதும் வாசிப்பதும் நான்தான். பக்கத்து வீட்டுக் காளியம்மா தன் ஊர்க் கடிதங்களையெல்லாம் என் தகரப் பெட்டியில்தான் போட்டு வைத்திருக்கிறாள். அஞ்சாம் வகுப்பு படித்தவள் என்று எனக்கு இங்கே ஒரு மரியாதை இருக்கிறது. உன் பதிலையும் எல்லாரும் கேட்க வாசிப்பேன். நல்லபடியாக எழுது.

உன் அக்கா
அங்கம்மா


ஜொகூர் பாரு
18-2-2603

மரியாதைக்குரிய அக்காவுக்குத் தம்பி ஐயாசாமி வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் சுகம். எனக்கு மட்டும் முழங்கால் மழைக்கு வலிக்கிறது. அங்கே எல்லாருடைய உடம்பையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியது நல்ல நேரத்தில் வந்தது. எங்கள் தண்ணீர் இலாகாவின் ஜப்பான் அதிகாரிக்கு ஹாக்கி என்றால் பைத்தியம். ஏப்ரல் 29-ஆம் தேதி சக்கரவர்த்தியின் பிறந்த நாளுக்கு சியோனான் டீமோடு ஆட்டம் வைத்திருக்கிறார். சிங்கப்பூரை இப்போது அப்படித்தான் எழுத வேண்டும். எங்கள் பதினோரு பேரில் ஒருவர் மலேரியாவில் போய்விட்டார். ஓர் இடம் காலி. அதில் சேர்கிறவனுக்குக் குழாய் வேலையும், அரிசியும், நீங்கள் சொன்ன முத்திரைச் சீட்டும் கிடைக்கும். ஆளைத் தேடிக் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம்தான்.

28-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தம் பார்த்து நான் விசில் ஊதியதில்லை. நான் விசில் எடுத்த புதிதில் அத்தான் போட்ட கோலைச் செல்லாது என்று சொல்லி, அவர் ஒரு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தது நினைவிருக்கும். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவேன்.

தங்கள் அன்புத் தம்பி
ஐயாசாமி


ஜொகூர் பாரு
8-3-2603

மரியாதைக்குரிய அக்காவுக்கு ஐயாசாமி. சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் சுட்டுக் கொடுத்த மரவள்ளி அடையை வழியில் ஒரு சோதனைச் சாவடிக்காரனுக்குப் பாதி கொடுக்க வேண்டியதாயிற்று. நீங்கள் எல்லாரும் நலம் என்று நேரில் பார்த்ததில் நிம்மதி. இதையும் உப்பு லாரிக்காரர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். முதல் பாதியை உங்கள் தோட்டத்துப் பந்திலேயே ஆடச் சொன்னேன். ரப்பர் மரத்து ஒட்டுப்பாலை உருட்டிச் செய்த பந்து, தரையில் பட்டால் இடுப்புயரம் குதிக்கிறது. ஜெயபாலன் அதைக் காற்றிலேயே வீசி அடிக்கப் பழகியிருக்கிறான். ஐந்து கோல் போட்டான். சனங்கள் தகரம் தட்டினார்கள். நீங்களும் கரித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றீர்கள். நான் கோல் கம்புக்குப் பின்னால் நின்றேன். ஐந்தில் மூன்று, மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கி அடித்தவை. அது குற்றம். இன்னொன்று நான் சாம்பலால் போட்டு வைத்த அரைவட்டத்துக்கு வெளியே நின்று அடித்தது. வட்டத்துக்குள் நின்று அடித்தால்தான் கோல். ஆகச் சட்டப்படி ஒன்றே ஒன்று. சுவரில் இருக்கும் எழுபத்து நாலும் எப்படி விழுந்தவை என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் களத்தில் இதுவரை வட்டமே இருந்ததில்லை, அக்கா.

இரண்டாம் பாதிக்கு நான் கொண்டுவந்த தோல் பந்தைப் போட்டேன். அது குதிக்காது, தரையோடு ஓடும். ஜெயபாலன் நாலு தடவை வீசினான். நாலும் காற்றில் போயின. அவனிடம் ஓட்டம் இருக்கிறது, பயம் இல்லை. பந்து தன்னைத் தேடி வரும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. அந்த நம்பிக்கையை அவனுக்குக் கொடுத்தது யார் என்று பார்த்தேன்.

காளியம்மாவின் மகன் வேலு. கொய்யாக் கிளையை நெருப்பில் வாட்டி வளைத்து, கழுத்தில் வாளிக் கம்பி சுற்றிய மட்டையோடு நடுவில் நின்றானே, அவன். ஜெயபாலன் போட்ட ஐந்து கோலுக்கும் பந்து அவன் மட்டையிலிருந்துதான் போனது. பந்தைத் துரத்தி ஓடவே மாட்டேன் என்கிறான். அது வரப்போகிற இடத்தில் முன்னாலேயே போய் நிற்கிறான். தோல் பந்தை அன்றைக்குத்தான் முதல் முதலாகத் தொட்டான். ஒரு தடவை உருட்டிப் பார்த்தான், அவ்வளவுதான். கடைசியில் கேட்டேன், "நீ ஏன்டா கோல் அடிக்கிறதில்ல?" என்று. "அவன் அடிக்கட்டும் தாத்தா, அவங்க ஆயா கோடு போடுறாங்கல்ல" என்று சிரித்தான்.

கோலை எண்ணுகிறவர்கள் கடைசியாக அடித்தவனைத்தான் எண்ணுவார்கள். நான் அதற்கு முன்னால் தொட்டவனைப் பார்ப்பேன். முப்பது வருஷத்தில் இப்படி ஒரு கையை இரண்டு பேரிடம்தான் கண்டிருக்கிறேன். காலி இடம் வேலுவுக்குத்தான். 20-ஆம் தேதிக்குள் அவனை அனுப்பி வையுங்கள். காளியம்மாவைக் கூப்பிட்டு இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். ஜெயபாலன் வட்டம் போட்டு, குதிக்காத பந்தில் ஒரு வருஷம் ஆடட்டும். பிறகு நானே வந்து பார்க்கிறேன்.

உங்களுக்கு இது கசக்கும் என்று தெரியும். பார்த்ததை எழுதும்படி நீங்கள்தானே கேட்டீர்கள்.

தம்பி
ஐயாசாமி


சாஆ
17-3-2603

தம்பி ஐயாசாமிக்கு அக்கா ஆசீர்வாதம். நாங்கள் சுகம். உன் முழங்காலுக்கு நொச்சி இலையை வதக்கிக் கட்டு. பாக்கியம் உன்னைக் கேட்டாள், கனகராஜ் உன்னைக் கேட்டான். ராஜம்மா பெரிய கிழங்காகப் பார்த்து நாலு கொடுத்திருக்கிறாள். இரண்டு நாள் மழை. கூரையில் ஒழுகுகிற இடத்துக்குப் பழைய கித்தா ரப்பர்த் துண்டு வைத்து அடைத்தாயிற்று.

வேலுவுக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. இடம் வீணாகப் போக வேண்டாம் என்று ஜெயபாலனை அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தை அவன் கையில்தான் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். சொன்னதைக் கேட்கிற பிள்ளை. பார்த்துக்கொள்.

அங்கம்மா


ஜொகூர் பாரு
2-4-2603

மரியாதைக்குரிய அக்காவுக்கு ஐயாசாமி வணக்கம். உங்கள் கடிதமும் கிழங்கும் ஜெயபாலனும் வந்து சேர்ந்தார்கள். அவன் சுகமாக இருக்கிறான். என் வீட்டிலேயே சாப்பிட்டுப் படுத்துக்கொள்கிறான். தண்ணீர்க் குழாய் தோண்டக் காலையில் போகிறான், மாலையில் களத்துக்கு வருகிறான்.

வேலுவின் காய்ச்சல் எப்படி இருக்கிறது? ஜெயபாலன் மனம் நோகுமே என்று அவனிடம் நான் வேலு பேச்சை எடுக்கவில்லை. அதிகாரியிடம் பேசி, அந்த இடத்தை இந்த மாதம் 20 வரைக்கும் அவனுக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன். அதுவரை ஜெயபாலன் பேருக்கு ஆடுகிறான். வேலு வந்துவிட்டால் ஜெயபாலனைக் குழாய் வேலையிலாவது வைத்துக்கொள்ளக் கேட்டுப் பார்ப்பேன். உறுதி சொல்ல முடியாது. முயன்று பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லலாம்.

காய்ச்சல் விட்டதும் அனுப்புங்கள். நடக்க முடியாவிட்டால் லாரியில் ஏற்றிவிடுங்கள். லாரிக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். மூட்டைக்கு நடுவில் உட்கார்த்தி அழைத்து வருவார். உடனே பதில் எழுதுங்கள்.

ஐயாசாமி


ஜொகூர் பாரு
4-5-2603

மரியாதைக்குரிய அக்காவுக்கு. இங்கு சுகம். உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. லாரிக்காரரைக் கேட்டேன். கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுத்ததாகவும், வாசித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டீர்கள் என்றும் சொன்னார்.

ஆட்டம் முடிந்தது. மூன்றுக்குச் சைபர், தோற்றோம். ஜெயபாலன் எழுபது நிமிஷமும் ஓடினான். வட்டத்துக்குள் போய் நின்று, நின்று, பந்துக்காகத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை. எப்போதாவது கொடுத்த பந்தும் அவன் மட்டைக்குச் சேரவில்லை. அதிகாரிக்கு அவனுடைய ஓட்டம் பிடித்திருந்ததால் வேலையில் நிலைத்துவிட்டான். சீட்டுக்கு நான் கையெழுத்துப் போட்டேன். "தகுதியுள்ள ஆட்டக்காரர்" என்று எழுதியிருந்த இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அவனைத் திருப்பி அனுப்பினால் எங்கே போவான் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் போட்டேன். உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அக்கா, ஆட்டம் முடிந்த அன்று அவன் அழுதுகொண்டே பேசினான். "வேலு இருந்தா இப்படி ஆயிருக்காது தாத்தா" என்றான். காய்ச்சல் விட்டுவிட்டதா என்று கேட்டேன். எந்தக் காய்ச்சல் என்று அவன் என்னைக் கேட்டான். அவன் புறப்பட்ட அன்று வேலுதான் லாரி வரும் பெரிய சடக்கு வரை மூட்டையைத் தூக்கி வந்தானாம். தன் மட்டையை இவன் கையில் கொடுத்து, "உன்னுது வெடிச்சுக் கிடக்கு, இத வச்சுக்க" என்றானாம். நீங்கள் என் கடிதத்தை லயத்தில் வாசித்தபோது முதலில் கை தட்டியதும் வேலுதானாம்.

அதற்கு மேல் நான் ஜெயபாலனிடம் எதுவும் கேட்கவில்லை. எதுவும் சொல்லவும் இல்லை.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். இலாகா டீமை நிற்க வைத்து எடுத்தது. இடது ஓரத்தில் நம் பிள்ளை.

ஐயாசாமி


சாஆ
13-6-2603

தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. படமும் கிடைத்தது. எனக்கு இரண்டு வாரம் மேல்மூச்சு, கீழ்மூச்சு. இப்போது தேவலை. ராஜம்மா சுகம். பாக்கியத்துக்குச் சிரங்கு, வேப்பிலை அரைத்துப் போடுகிறோம். உப்பு இல்லை. கனகராஜின் கிழங்குதான் இரண்டு வேளைக்கும்.

மே மாதம் 22-ஆம் தேதி பெரட்டில் சயாமுக்குப் பேர் படித்தார்கள். நம் தோட்டத்துக்கு இருபது ஆள். வீட்டுக்கு ஒரு வாலிபன் என்று கணக்கு. எங்கள் வீட்டுக்கு நேரே கிராணி "இலாகா" என்று எழுதிவிட்டார். அவருடைய பேனாக் கோடு அடுத்த வீட்டுக்குப் போனது. வேலு போனான். கடைசி லயத்துச் செல்லப்பனும் போனான். லாரியில் ஏறும்போது வேலு என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "ஆயா, எங்க அம்மாவுக்குக் கடுதாசி வந்தா வாசிச்சுக் காட்டுங்க" என்றான்.

காளியம்மா தினமும் வருகிறாள். படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறேன், அதைப் பார்க்கத்தான் வருகிறாள். "இது எம்மகன் மட்டைதானே" என்று ஒரு விரலால் தொட்டுக் காட்டுகிறாள். வாளிக் கம்பி படத்தில் நன்றாகத் தெரிகிறது.

அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. ஜெயபாலனை நன்றாகச் சாப்பிடச் சொல்.

அங்கம்மா


ஜொகூர் பாரு
1-7-2603

அக்காவுக்கு. சேதி கிடைத்தது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். ஜெயபாலன் சுகம்.

லாரிக்காரர் இனி அந்தப் பக்கம் வர மாட்டார். லாரியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஐயாசாமி


ஜொகூர் பாரு
21-10-1945

மரியாதைக்குரிய அக்காவுக்குத் தம்பி ஐயாசாமி வணக்கத்துடன் எழுதுவது. வருஷத்தைப் பழையபடி எழுதக் கை கூசுகிறது. தபால் திரும்பவும் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு முதல் கடிதம் உங்களுக்கு. நீங்கள் இருக்கிறீர்களா, யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். இங்கே என் வீட்டுக்காரி போன வருஷம் தவறிவிட்டாள். சொல்லியனுப்ப வழியில்லாமல் போயிற்று. ஜெயபாலன்தான் எல்லாக் காரியத்துக்கும் கூட நின்றான். இலாகாவில் அவனை வைத்துக்கொண்டார்கள், குழாய் வேலையில் நல்ல பேர் வாங்கியிருக்கிறான். ஹாக்கி ஆடுவதில்லை. நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மட்டையை மட்டும் கட்டிலுக்கு அடியில் துணி சுற்றி வைத்திருக்கிறான். மழைக்காலத்தில் எடுத்து எண்ணெய் தடவுகிறான்.

சயாமிலிருந்து ஆட்கள் ரயிலில் திரும்பி வருகிறார்கள். ஸ்டேஷனுக்கு மூன்று தடவை போய் நின்றேன். சாஆ ஆட்கள் யாரும் என் கண்ணில் படவில்லை.

வேலு வந்துவிட்டானா?

ஐயாசாமி


முருகன் துணை

சாஆ, நாலாவது லயம்
16-1-1946

அன்புள்ள தம்பி ஐயாசாமிக்கு அக்கா அங்கம்மா எழுதுவது. நான், ராஜம்மா, பாக்கியம், கனகராஜ் நாலு பேரும் இருக்கிறோம். உன் வீட்டுக்காரி போன சேதி கேட்டு அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. உன்னைத் தனியாக நினைத்துக்கொள்ளாதே. பொங்கலுக்குக் கொஞ்சம் அரிசி கிடைத்தது. பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத முடியவில்லை.

எப்போதும் பிள்ளைகள் பெருமையைச் சொல்லித்தான் கடிதத்தைத் தொடங்குவேன். இந்தத் தடவை வேலுவைச் சொல்கிறேன். பந்து வரப்போகிற இடத்தில் முன்னாலேயே போய் நிற்கிறவன். தோல் பந்தை ஒரே தடவை உருட்டிப் பார்த்துப் புரிந்துகொண்டவன். முப்பது வருஷத்தில் அப்படிப்பட்ட கை இரண்டு பேரிடம்தான். இதெல்லாம் நீ எழுதியது. எனக்கு மனப்பாடம்.

அவன் வரவில்லை, தம்பி. இருபது பேரில் ஆறு பேர் வந்தார்கள். செல்லப்பன் கார்த்திகையில் வந்தான், எலும்பும் தோலுமாக. காளியம்மா அவன் காலடியில் போய் உட்கார்ந்தாள். நானும் கூடப் போனேன். எனக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. வேலு போன வருஷத்துக்கு முந்தின வைகாசியில், கால் புண் அழுகி, கூடாரத்தில் இறந்தானாம். செல்லப்பன்தான் மண் போட்டானாம்.

அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சயாமின் மேலே பழியைப் போட்டுவிட்டு இருந்திருப்பேன். செல்லப்பன் இன்னும் சொன்னான். முகாமில் மூங்கில் வேரை மட்டையாக வைத்துக்கொண்டு வேலு சின்னக் கல்லை உருட்டிக் காட்டுவானாம். பார்த்தவர்கள், "இவ்வளவு ஆடுறியே, உன்னை ஏன் அந்த டீமுக்கு எடுக்கல?" என்று கேட்பார்களாம். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பார்க்க வந்தவரு பெரிய ஆளு லா. அவரு கண்ணுக்கு நம்ம ஆட்டம் பத்தல. ஜெயபாலன்தான் சரியான ஆளு."

ரயில் பாதைக்கு அவனைக் கொண்டுபோனது ஜப்பான்காரன். அவன் ஆட்டம் பத்தவில்லை என்று அவனை நம்ப வைத்தது நான். அதை நினைத்துக்கொண்டே அவன் மண்ணுக்குள் போயிருக்கிறான்.

நீ எழுதிய அந்தக் கடிதம் வந்த அன்று சாயந்தரம் லயமே வாசலில் கூடிவிட்டது. நான் முதலில் மனதுக்குள் வாசித்தேன். அப்புறம் வாய் விட்டு வாசித்தேன். வேலு என்று இருந்த இடத்தில் ஜெயபாலன் என்றேன். வட்டம், தோள், குதிக்கிற பந்து எல்லாவற்றையும் தாண்டிப் போனேன். ஒரு பேரை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? இருமல் வந்தது போல ஒரு தடவை நிறுத்தினேன், அவ்வளவுதான். காளியம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்து, "நம்ம லயத்துப் பிள்ளைக்குக் கிடைச்சிருக்கு" என்றாள். வழிக்கு வேண்டும் என்று ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தாள்.

ஏப்ரலில் வந்த உன் அடுத்த கடிதத்தையும் வாசித்தேன். வேலுவும் வந்தால் இரண்டு பேருக்கும் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்று எழுதியிருந்தாய். அந்த உறுதி சொல்ல முடியாது என்பதில் என் கை நின்றுவிட்டது. இருபதாம் தேதி வரை பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். இருபத்தொன்றாம் தேதி நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை காளியம்மாவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். பெட்டியிலிருந்து உன் கடிதத்தை எடுத்து, "இது அன்னைக்கு வாசிச்ச கடுதாசிதான். அன்னைக்குப் பேரை மாத்தி வாசிச்சேன்" என்றேன். அவள் தரையில் உட்கார்ந்தாள். "சரி, இப்ப மாத்தாம வாசிங்க" என்றாள்.

வாசித்தேன். "காலி இடம் வேலுவுக்குத்தான்" என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். அந்த இடத்தை இன்னொரு தரம் என்றாள். அப்புறம் அந்தக் கையைப் பற்றி எழுதியிருந்தாயே, அதை இன்னொரு தரம். கோடு போடுறாங்கல்ல என்று அவன் சொன்னதை மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். அழவில்லை. நான்தான் அழுதேன். அதை அவள் கண்டுகொள்ளவில்லை.

கடைசியில் கேட்டாள். "எங்க அண்ணன் ஊர்ல இருந்து எழுதுனதெல்லாம் நீங்கதானே வாசிச்சீங்க. எங்க அம்மா செத்தது, நிலத்தைப் பிரிச்சது, எல்லாம் அப்படியேதான் எழுதியிருந்துச்சா பெரியம்மா?"

சாமி சத்தியமாக அதிலெல்லாம் ஓர் எழுத்தும் மாற்றவில்லை. சொன்னேன். "எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நியாயந்தானே. தன் கடிதங்களை எண்ணிப் பார்த்து, முந்தானையில் முடிந்து எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் மற்ற வீட்டுக்காரர்களும் வந்து அவரவர் கடிதத்தை வாங்கிப் போனார்கள். பெட்டியில் இப்போது உன் கடிதங்கள் மட்டும் இருக்கின்றன.

அடுப்படிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன்.

காளியம்மா இப்போது வீட்டுக்குள் வருவதில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது வாசலில் ஒரு நிமிஷம் நின்று, அங்கிருந்தே படத்தைப் பார்க்கிறாள். தொட்டுப் பார்க்க எட்டாது. நேற்றைக்குப் பாக்கியத்தைக் கூப்பிட்டு, "அந்த மட்டை இன்னும் இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. அதனால் உன்னிடம் நான் கேட்கிறேன்.

ஜெயபாலனுக்கு லீவு வாங்கி அனுப்பு. மட்டையை அவனே கொண்டு வரட்டும். நேராகக் காளியம்மா வீட்டுக்குப் போய் அவள் கையில் கொடுக்கட்டும், அப்புறம் இங்கே வரட்டும். ஏன் என்று கேட்பான். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடு. அவனுக்கு வாசிக்கத் தெரியும். வாசித்த பிறகு என் வீட்டுக்குள் வருவதும் வராததும் அவன் இஷ்டம்.

சுவரில் இருக்கும் படத்தைக் கழற்றி வாசலில் வைத்தாவது அவனிடம் கொடுத்துவிடப் போகிறேன், மட்டையோடு அதுவும் காளியம்மா வீட்டில் இருக்கட்டும். ஆணி வெறுமனே இருந்தால் எனக்குத் தாங்காது. உன் முழங்காலைப் பார்த்துக்கொள், தனியாகக் கிணற்றடிக்குப் போகாதே. அவன் புறப்படுவதற்கு முன்னால் அவனைப் படக்கடைக்குக் கூட்டிப் போய்ப் புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. சும்மா நிற்கச் சொல். கையில் ஒன்றும் வேண்டாம்.

உன் அக்கா
அங்கம்மா